மூன்று சுற்று வரைக்கும்

வண்டிக்கு அடியில் வைத்த வெள்ளை அட்டையில் விழுந்த அந்தச் சொட்டு கடுகளவுதான் இருக்கும். ஆனால் அது விழுந்த சத்தம் டெய்லரம்மாவின் காதுக்குத் தண்ணீர்த் தொட்டி சரிந்த மாதிரி கேட்டது. அந்த நேரம் வாகனச் சோதனைக் கூடத்தில் நாலு லாரியும் ஒரு குப்பை வண்டியும் உறுமிக்கொண்டிருந்தன. இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

சோதனை செய்கிற அம்மாள் குனிந்து பார்த்தாள். சிரிப்பைப் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம்.

“எண்ணெய் சொட்டுது.”

“ஒரே ஒரு சொட்டுதானேங்க மேடம்” என்றார் செக்கர். டெய்லரம்மாவின் வீட்டுக்காரர்.

“பத்து நிமிஷத்துல ஒண்ணு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி கொண்டாங்க. அன்னைக்கும் சொட்டுச்சுன்னா வண்டியோட பதிவுப் புத்தகத்தை ரத்து பண்ணிடுவேன். அதுக்கப்புறம் இது ரோட்டுல ஓடக்கூடாது.”

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டிக்கெட் எடுக்காத பயணிகள் அவர் ஏறுவதைப் பார்த்ததுமே ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவரே கிளப்பிவிட்ட பேச்சு. அப்படிப்பட்டவர் ஒரு சொட்டு எண்ணெய்க்காகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். “நானும் இப்படித்தான் பேசுவேன். என்கிட்டயே பேசுறா பாரு” என்று முணுமுணுத்ததோடு சரி.

வண்டி ஜப்பான்காரன் செய்த மோட்டார் சைக்கிள். செக்கரும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவருக்கு முடி கொட்டிவிட்டது, அதற்குப் பெயிண்ட் கொட்டிவிட்டது. பள்ளிச் சீருடைத் துணியைக் கட்டுக்கட்டாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு டெய்லரம்மா முப்பது வருடமாக அதில்தான் மேட்டுத் தெருவை ஏறுகிறாள். ஏறும்போது வண்டி போடும் சத்தத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் தானாகச் சாத்திக்கொள்ளும்.

முந்தின நாள் திங்கட்கிழமையே அவள் தம்பி வந்து வண்டியை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தான். டீக்கடை வைத்திருக்கிறான். கடை முழுக்கப் பழைய சாமான். ரேடியோ, டெலிபோன், தையல் மெஷின் சக்கரம், பாடாத கிராமபோன். ஊரில் அவனுக்கு ஷோகேஸ் என்றே பெயர்.

“ஓடலைன்னா விடுக்கா. என் கடைச் சுவத்துல மாட்டிடறேன். கீழே ஒரு லைட், மேலே ஒரு லைட். மாமா தினம் வந்து அதுக்குக் கீழே உக்காந்து டீ குடிக்கட்டும். பழைய செக்கர், பழைய வண்டின்னு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க.”

செக்கர் அதற்குக் கோபப்படவில்லை. “காத்தோட்டமான இடம்தான்” என்றார். அந்தப் பதில்தான் டெய்லரம்மாவை உறுத்தியது. ஓய்வு பெற்றதிலிருந்து மனிதர் வீட்டை விட்டு வெளியே போவதே அந்த வண்டியை உதைத்துக் கிளப்பத்தான். வண்டி சுவரேறினால், பின்னாலேயே இவரும் போய் அடியில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் இரண்டையும் வாரத்துக்கு ஒரு தடவை தூசு தட்ட வேண்டியதுதான்.

“வெள்ளிக்கிழமை சொட்டாது” என்றாள் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல். “எங்கேயிருந்து வருதுன்னு காட்டுங்க.”

எண்ணெய் எஞ்சினின் இடது பக்கத்துச் சிறிய மூடி வழியாகக் கசிந்தது. டீ சாசர் அளவு மூடி. நாலு ஸ்க்ரூ. மூன்று, கண்ணாடி மாதிரி மின்னின. நாலாவது துருப்பிடித்துக் கிடந்தது.

“இது எப்போ மாத்தினது?”

“போன மாசம். ரெண்டு பக்கமும் புதுசு போட்டேன். துரு ஏறாத ஸ்டீல். அந்த ஒண்ணு மட்டும் வரமாட்டேன்னுச்சு, விட்டுட்டேன்.”

“சரியான அளவுதானா?”

“அஞ்சு எம்எம். பழசும் அஞ்சு, புதுசும் அஞ்சு. அஞ்சுன்னா அஞ்சுதான். இதுல என்ன இருக்கு?”

“சுலபமா ஏறிச்சா?”

செக்கர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. “வலது பக்கம் வெண்ணெய் மாதிரி ஏறிச்சு” என்றார்.

“இடது பக்கம்?”

“கொஞ்சம் முரண்டு பிடிச்சுது.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“நான் யாரு? விட்டுடுவேனா?”

அவர் விடவில்லை என்பது, அவள் மூன்று மின்னும் ஸ்க்ரூக்களையும் கழற்றியபோது தெரிந்தது. ஒன்றின் மரை முழுக்க அலுமினியச் சுருள் சுற்றியிருந்தது. மரை என்பது ஸ்க்ரூவைச் சுற்றி ஓடும் பள்ளமும் மேடும். அந்தச் சுருள் ஸ்க்ரூவுடையது அல்ல. துளையைச் சுரண்டி எடுத்த சதை.

“கொன்னுருக்கீங்க” என்றாள்.

“இறுக்கினேன்.”

“அதத்தான் சொல்றேன்.”

துருப்பிடித்த நாலாவதை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். அதற்குள் உருளைக்கிழங்கு வெந்தது. இரண்டு பேரும் உப்பும் மிளகும் தூவித் தின்றார்கள். கடைசிக் கிழங்கை அவர் அவள் தட்டில் தள்ளினார். அதுதான் அவருடைய மன்னிப்புக் கேட்கும் முறை. அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். இன்னும் மன்னிக்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்க்ரூ வந்தது. கழுவித் துடைத்துப் புதியதையும் பக்கத்தில் வைத்தாள். தடிமன் ஒன்று. நீளம் ஒன்று. தலை மட்டும் வேறு பளபளப்பு. ஆனால் முப்பத்தைந்து வருடம் தையல் பார்த்த கண் சும்மா இருக்குமா? ஒரு சட்டையைத் தூரத்தில் பார்த்தே அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று சொல்லிவிடுவாள். தெருமுனையில் போகிறவனின் காலரைப் பார்த்து, அதைத் தைத்தவனின் மெஷினில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்வாளாம்.

“இது நெருக்கத் தையல். இது கொஞ்சம் தளர்வு” என்றாள்.

“ஸ்க்ரூவுக்கு ஏது தையல்? உனக்கு மரை கழண்டிடுச்சு.”

அவள் குளியலறைக்குப் போய்ச் சோப்புக் கட்டியோடு வந்தாள். பழைய ஸ்க்ரூவைப் படுக்கவைத்து அழுத்தினாள். பக்கத்திலேயே புதியதை அழுத்தினாள். சோப்பில் இரண்டு வரிசைக் கோடுகள் விழுந்தன, இரண்டு எலிகள் கடித்த மாதிரி. டேப்பை எடுத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு எண்ணினாள்.

“பாருங்க. முதல் கோட்டுலேர்ந்து பத்து இடைவெளி. பழசுல ஒன்பது எம்எம் வருது. புதுசுல எட்டுதான் வருது.”

செக்கர் குனிந்தார். எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். கள்ள டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் அதே முகம்.

“ஒரு இடைவெளிக்கு ஒரு எம்எம்ல பத்துல ஒரு பங்குதானே வித்தியாசம்?”

“ஆமா. அதனாலதான் முதல் மூணு சுத்து ஏமாத்திடுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு பல்லும் தள்ளித் தள்ளி உக்காருது. அங்கதான் உங்க வீரத்தைக் காட்டியிருக்கீங்க.”

மறுநாள் காலை சோப்பையும் ஸ்க்ரூவையும் எடுத்துக்கொண்டு போல்ட்டுக் கடைக்குப் போனாள். போல்ட்டுக் கடைக்காரர் தூக்கத்திலும் அளவு சொல்கிறவர். அவருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால்கூட எத்தனை எம்எம் என்று திருப்பிக் கேட்பார் என்பார்கள்.

“அஞ்சுல மரை ஒண்ணுதாம்மா. பாயிண்ட் எட்டு. உலகம் பூரா அதான்.”

அவள் சோப்பை மேசையில் வைத்தாள்.

“காலையிலேயே குளிச்சுட்டேன்மா.”

“எண்ணுங்க.”

எண்ணினார். கொட்டாவி பாதியில் நின்றது. உள்ளே போய், ஒரு இழுப்பறையைப் பலகையோடு பெயர்த்துக்கொண்டு வந்தார். மரை அளக்கும் சீப்பு. விசிறி மாதிரி மடங்கும் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவில் பல். பாயிண்ட் எட்டு என்று குத்தியிருந்த தகட்டைப் பழைய ஸ்க்ரூவில் வைத்தார். இடையில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு அடுத்த தகடு கடை திறந்த நாளிலிருந்து விரிக்கப்படாமல் ஒட்டிக் கிடந்தது. கத்தியால் நெம்பிப் பிரித்து வைத்தார். பல்லோடு பல் உட்கார்ந்தது. ஒரு மயிரிழை வெளிச்சம் இல்லை.

“பாயிண்ட் ஒன்பது” என்றார், பேயைப் பார்த்தவர் போல. “எங்கப்பா சொல்வாரு, ஜப்பான்காரன் ஒரு காலத்துல சின்ன ஸ்க்ரூவுக்குத் தனிக் கணக்கு வச்சிருந்தான், அப்புறம் உலகக் கணக்குக்கு மாறிட்டான்னு. கதை விடறாருன்னு நெனச்சேன். மாறினப்போ புதுக் கணக்கு ஸ்க்ரூ தலையில ஒரு சின்னப் புள்ளி குத்தினானாம், கலந்துடக்கூடாதுன்னு.”

“இதுல உங்ககிட்ட எத்தனை இருக்கு?”

“எங்கிட்டயா? இப்பதான்மா முதல் தடவையா கண்ணால பாக்கறேன்.”

பழைய ஸ்க்ரூக்கள் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். செக்கரின் பிஸ்கட் டப்பாவில். கழற்றின எதையும் தூக்கிப்போடாத மனிதர். அந்த டப்பாவில் இருந்த ஸ்க்ரூக்களை வைத்து இரண்டு கப்பலும் ஒரு பாலமும் கட்டிவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம். கதவு ஸ்க்ரூ, கடிகார ஸ்க்ரூ, மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ, பஸ் சீட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஸ்க்ரூ.

சீருடைத் துணியை மெஷினிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டு, தரையில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டினாள். துருப்பிடித்த அந்த ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டாள். சந்தேகப்பட்டதையெல்லாம் அதனோடு சேர்த்து, பல்லுக்குப் பல் படுக்கவைத்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஒதுக்கின குவியலில். தெரியாவிட்டால் மடியில்.

செக்கர் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு முழங்காலைத் திட்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார்.

“ஒவ்வொண்ணா குடு. டிக்கெட் பாக்கற மாதிரிதானே.”

“அஞ்சுன்னா அஞ்சுதான்னு விட்டுட மாட்டீங்களே?”

“அடேயப்பா, சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவியா?”

“அதுக்கப்புறமும்.”

புதன் முழுக்கப் பார்த்தார்கள். வியாழன் காலையிலும் பார்த்தார்கள். வெளியே காற்று தகரக் கூரைகளைத் தட்டிக் கேலி பண்ணியது. மதியம் மடியில் ஆறு சேர்ந்தது. இடது பக்க மூடியில் துருப்பிடித்ததைச் சுத்தம் செய்து போட்டாள். விரலாலேயே கடைசி வரை சுற்றியது. மடியிலிருந்து ஒன்று, இன்னொன்று. அவையும் ஏறின. திருப்புளி கடைசி அரைச் சுற்றுக்குத்தான் தேவைப்பட்டது.

வெற்றி தலைக்கேறினால் யாருக்கும் கண் மங்கும். “வலது பக்கத்துலயும் அந்த மின்னறதைக் கழட்டிட்டுப் பழசைப் போடறேன்” என்றாள். போட்டாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

நின்றது.

செக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் கை திருப்புளியில் இருந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும். துணியில் ஊசி இறங்காதபோது மிதிக்கிறவள் ஊசியை ஒடிப்பாள், காலை எடுக்கிறவள் துணியைக் காப்பாற்றுவாள். அவள் கையை எடுத்தாள்.

“என்னாச்சு?”

“இதுக்கு இது இல்ல.” போல்ட்டுக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஒதுக்கின குவியலைக் கிளறினாள். தலையில் ஊசி குத்தின மாதிரி புள்ளி வைத்த ஸ்க்ரூ நாலு கிடந்தது. நாலும் வலது பக்கத்தில் வெண்ணெய் மாதிரி ஏறின.

“ஒரே எஞ்சின்ல ரெண்டு கணக்கா?” என்றார் செக்கர்.

“கணக்கு மாறின வருஷத்து வண்டி போலிருக்கு. இருந்த பழசைத் தீக்கறதுக்கு ஒரு பக்கம், வந்த புதுசுக்கு ஒரு பக்கம். நான்கூட மிச்சத் துணியில அப்படித்தான் உள்பை தைப்பேன்.”

செக்கரின் முகம் மெல்ல விரிந்தது. “அப்போ வலது பக்கத்தைப் பொறுத்த வரைக்கும் நான் சொன்னது சரி. பாதி ஜெயிச்சுட்டேன்.”

“இடது பக்கம் மிச்சமிருக்கிற துளையைப் பாத்துட்டு ஜெயிங்க.”

அந்தத் துளைதான் அவர் வீரம் காட்டிய இடம். மேல் மரை மழுங்கிப்போயிருந்தது. சரியான ஸ்க்ரூவைப் போட்டாலும் அது கிணற்றில் விழுந்த கல் மாதிரி இறங்கிச் சும்மா சுற்றியது. டெய்லரம்மா ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு நகத்தால் அடையாளம் பிடித்தாள். ஸ்க்ரூவின் பக்கத்தில் வைத்தாள். துளை ஸ்க்ரூவைவிட அரை விரல் ஆழம்.

“அடியில இன்னும் நல்ல மரை இருக்கு. இதைவிட நீளமா ஒண்ணு இருந்தா போய்ப் பிடிச்சுக்கும். அதே பாயிண்ட் ஒன்பதுல.”

டப்பாவில் அப்படி ஒன்று இல்லை. மறுபடி கொட்டினார்கள். இல்லை. செக்கர் சுவரில் சாய்ந்தார்.

“விடும்மா. உன் தம்பிகிட்டச் சொல்லிடு. முன் விளக்கு ஏற்கனவே அங்கதான் தொங்குது, மத்ததும் போய்ச் சேரட்டும்.”

அவள் நிமிர்ந்தாள். பத்து வருடத்துக்கு முன்பு வண்டியின் முன் விளக்கின் கண்ணாடி உடைந்ததும் வேறு விளக்கு மாட்டினார்கள். பழையதைத் தம்பி கெஞ்சி வாங்கிப் போனான். அதன் முகத்தை மேலே கீழே திருப்ப அடியில் ஒரு நீள ஸ்க்ரூ உண்டு. நீளம்.

“செருப்பை எடுங்க” என்றாள்.

ஷோகேஸின் டீக்கடையில் மாலைக் கூட்டம். நடுச் சுவரில் வண்டிக்காக நாலு பெரிய கொக்கி அடித்து, சுற்றிலும் செங்காவி நிறத்தில் வட்டம் போட்டுவைத்திருந்தான். கல்லாவுக்கு மேல் அந்த முன் விளக்கு, உள்ளே பல்பு எரிய, கடையை அதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வாக்கா, வாங்க மாமா! இடத்தைப் பாத்தீங்களா? மாமாவுக்கு நாற்காலிகூட ரெடி.”

நாற்காலியும் போட்டிருந்தான், வட்டத்துக்கு நேர் கீழே. செக்கர் அதைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கால் அந்தப் பக்கம் நகர்ந்தது. டெய்லரம்மா அவர் சட்டையைப் பிடித்தாள்.

“ஏணி எங்கடா?”

“எதுக்குக்கா?”

“உன் விளக்குல ஒரு ஸ்க்ரூ வேணும்.”

“ஐயோ, அது ஒரிஜினல்க்கா! ஒரு ஸ்க்ரூகூட மாத்தலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

“ஒரிஜினல்னாலதான் வேணும்.”

“அக்கா, கஸ்டமர் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். சின்ன வயசுல என் பென்சில் டப்பாவைத் தூக்கிட்டுப் போய் உன்னுதுன்னு காட்டினியே, அதையும் சேத்துச் சொல்லட்டுமா?”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பன்னைக் கடிக்க மறந்தார்கள். ஏணி வந்தது. அவள் ஏறினாள். செக்கர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், பஸ் கம்பியைப் பிடிப்பது போல. ஸ்க்ரூ வந்தது. விரல் நீளம். அவள் மடியிலிருந்து சோப்பை எடுத்து அழுத்தி, விளக்கு வெளிச்சத்திலேயே எண்ணினாள். கடை முழுக்கக் கூடவே எண்ணியது.

“பத்து இடைவெளி” என்றாள். “ஒன்பது எம்எம்.”

என்னவென்று தெரியாமலேயே நாலு பேர் கைதட்டினார்கள்.

விளக்கு முகம் ஆட ஆரம்பித்தது. “இப்போ இது விழுந்துடுமேக்கா!” என்று அலறினான் தம்பி. அவள் மடியைத் தடவி, மின்னும் புது ஸ்க்ரூ ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நிறுத்தினாள்.

“இன்னும் இறுக்கேன்க்கா.”

“மூணு சுத்துக்கு மேல போகாதுடா. ஓடறதுக்குத்தான் முழுசா ஏறணும். தொங்கறதுக்கு இது போதும்.”

வெள்ளிக்கிழமை காலை அவள் தையல் சாக்குக்கட்டியால் ஸ்க்ரூவில் கோடு போட்டாள், தீக்குச்சி காட்டிய நீளத்துக்கு. செக்கர் அறுத்தார். நுனியின் பிசிறை அரத்தால் எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. “போதும், ஊசியாக்கிடாதீங்க” என்று பிடுங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திருப்புளியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே போடுங்க.”

“நானா? மறுபடி கொன்னுட்டேன்னா?”

“விரலால சுத்துங்க. முரண்டு பிடிச்சா நிறுத்துங்க. அவ்வளவுதான்.”

அவர் சுற்றினார். மழுங்கின இடத்தில் ஸ்க்ரூ சும்மா இறங்கியது. அப்புறம் எதையோ தொட்டது. அவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மெல்லச் சுற்றினார். பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலு, ஐந்து, ஆறு. மூடி பதிந்ததும் அவர் கை தானாக நின்றது.

மத்தியானம் அதே கூடம், அதே வெள்ளை அட்டை, அதே முகம். வண்டி பத்து நிமிடம் ஓடியது. செக்கர் அட்டையை முறைத்தார். அவர் அப்படி முறைத்தால் எண்ணெய் என்ன, மழையே யோசித்துத்தான் விழும். பத்தாவது நிமிடம் சோதனை அம்மாள் குனிந்து, அட்டையை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. முத்திரை விழுந்தது.

“எனக்கு அந்த அட்டை வேணுமே” என்றார் செக்கர்.

“எதுக்குங்க? அதுல ஒண்ணுமே இல்லையே.”

“அதுக்குத்தான்.”

டெய்லரம்மா ஓட்டினாள், அவர் பின்னால் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேட்டுத் தெருவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. டீக்கடை வாசலில் அவள் வேகத்தைக் குறைத்து உள்ளே பார்த்தாள். செங்காவி வட்டமும் நாலு கொக்கியும் வெறுமனே இருந்தன. முன் விளக்கு மூன்று சுற்றுப் பிடியில் தலை கவிழ்ந்து, நேர் கீழே கல்லாவில் இருந்த தம்பியின் வழுக்கைக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

“ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமா?” என்றாள்.

“வேணாம், வேணாம்” என்றார் செக்கர் பின்னாலிருந்து. “எங்கேயாவது தூரமாப் போய்க் குடிப்போம்.”